ஸ்பேனரை இறக்கி வைத்த பிறகு: விமானப் பராமரிப்புக் குழுவுக்குப் புதிதாக ‘லீட்’ ஆகிறவர்களுக்கு

மலேசியாவில் பந்திங், தெலுக் டத்தோ, சுங்கை மங்கிஸ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, செப்பாங் அல்லது சுபாங் விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு வேலையில் சேர்ந்தவர்களுக்குச் சில வருடங்களில் ஒரு நாள் வரும். வேலை சுத்தம், நேரத்துக்கு வருகிறார், வாய் குறைவு என்று பார்த்துவிட்டு மேலாளர் கூப்பிட்டு, “அடுத்த மாசத்துல இருந்து நீதான் லீட்” என்பார். சம்பளத்தில் கொஞ்சம் ஏறும். ஆளை நடத்துவதற்கென்று பெரிய பயிற்சி எதுவும் பெரும்பாலும் இருக்காது. அந்த முதல் சில மாதங்களுக்கு உதவத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் கையை எடுங்கள்

புது லீட் செய்யும் முதல் தவறு நல்ல எண்ணத்தில் பிறப்பது. ஆள் குறைவு, விமானம் காலையில் கிளம்பியாக வேண்டும், வேலையும் தனக்குத் தெரியும். “தள்ளு, நான் பாத்துக்கிறேன்” என்று தானே ஏணியில் ஏறிவிடுவார்.

1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய பிஏசி 1-11 விமானத்தில், 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடம்பு வெளியே தொங்க, ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி தரையிறக்கினார். யாரும் சாகவில்லை. அந்தக் கண்ணாடியை அதற்கு முந்தைய நாள் அதிகாலையில் மாற்றியவர் அந்த ஷிஃப்ட்டின் பராமரிப்பு மேலாளரே. ஆள் பற்றாக்குறையால் தனியாகச் செய்தார். பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். பாகப் பட்டியலைத் திறக்கவில்லை. மாட்டிய 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. மீதி 6, நீளத்தில் 0.1 அங்குலம் குறைவு. இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் முன்கண்ணாடி இல்லாததால் யாரும் பார்க்கவில்லை.

இவர் சோம்பேறியும் அல்ல, அரைகுறையும் அல்ல. அனுபவசாலி, பொறுப்பானவர். ஆனால் மேலாளர் ஸ்பேனர் பிடித்த அந்த நேரத்தில், மேலாளரின் வேலையைச் செய்ய ஆளில்லை. லீட் என்பவர் ஷிஃப்ட்டில் எது திறந்து கிடக்கிறது, எது எழுதப்படவில்லை, யார் களைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர். கையில் வேலை வந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். தவிர்க்கவே முடியாமல் நீங்களே ஒரு வேலையில் இறங்கினால், இரண்டு காரியம் செய்யுங்கள்: அதுவரை குழுவைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், உங்கள் வேலையை இன்னொருவரிடம் சரிபார்க்கக் கொடுங்கள். விதி கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

உங்கள் கையெழுத்து எதுவரை செல்லும்

மலேசியாவில் உரிமம் தருவது சிஏஏஎம், அதாவது மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம். 2018 பிப்ரவரி 19 முதல் பழைய டிசிஏவின் (பொது விமானப் போக்குவரத்துத் துறை) இடத்தில் இருக்கிறது. உரிமப் பிரிவுகள் சுருக்கமாக: ‘ஏ’ என்பது லைனில் (பறப்புகளுக்கு இடையே விமானம் நிற்கும் இடத்தில்) வரையறுக்கப்பட்ட சிறு வேலைகளுக்கு, அதுவும் தான் செய்ததற்கு மட்டும். ‘பி1’ எஞ்சின், உடற்கட்டமைப்பு, இயந்திர, மின் அமைப்புகளுக்கு. ‘பி2’ ஏவியானிக்ஸுக்கு, அதாவது விமான மின்னணுக் கருவிகளுக்கு. ‘சி’ ஹேங்கரில் பெரிய பராமரிப்பு முடிந்தபின் முழு விமானத்தை விடுவிக்க.

லீட் என்பது உரிமம் அல்ல, கம்பெனி கொடுத்த பொறுப்பு. உரிமம் இல்லாத லீட்டும் உண்டு, உரிமம் உள்ள டெக்னீஷியன் அவருக்குக் கீழே இருப்பதும் உண்டு. எனவே முதல் வாரத்திலேயே தர உறுதிப் பிரிவுக்குப் போய், உங்கள் அதிகாரச் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். எந்த விமான வகை, எந்த வேலை, காலாவதி எப்போது. குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் இதையே செய்து ஒரு பக்கத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், உரிமப் பிரிவு, விமான வகை, மனிதக் காரணிகள் (மனிதத் தவறுகள் பற்றிய) மறுபயிற்சி முடியும் தேதி (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை), எஞ்சின் ஓட்ட அனுமதி, போரோஸ்கோப் (எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) அனுமதி. இரவு 3 மணிக்கு இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு விஷயத்தில் வளைந்து கொடுக்கவே கூடாது. பார்க்காத வேலைக்கு முத்திரை குத்தாதீர்கள், குத்தச் சொல்லாதீர்கள். “அவன் நல்லா செய்வான், குத்திடு” என்ற பேச்சு உங்கள் ஷிஃப்ட்டில் ஒருமுறை செல்லுபடியானால் பிறகு நிறுத்த முடியாது.

ஷிஃப்ட்டுக்கு அரை மணி முன்

இரவு 7 மணி ஷிஃப்ட் என்றால் 6.30க்கு இருங்கள். இந்த அரை மணியில் செய்ய வேண்டியது:

1. முந்தைய ஷிஃப்ட் லீட்டோடு நேரில் பேசுங்கள், அதுவும் விமானத்தின் அருகில் நின்று. ஓய்வறையில் வைத்து வாங்கும் ஹேண்ட் ஓவரில் பாதி விழுந்துவிடும்.
2. ஒவ்வொரு விமானத்தின் டெக் லாக்கையும் (பழுதும் பராமரிப்பும் எழுதும் பதிவேடு) தள்ளிவைத்த குறைகளின் பட்டியலையும் பாருங்கள். எம்இஎல் (எந்தக் குறையோடு எவ்வளவு நாள் பறக்கலாம் என்ற பட்டியல்) படி தள்ளிவைத்தவற்றில் பி பிரிவுக்கு 3 நாள், சி பிரிவுக்கு 10 நாள், டி பிரிவுக்கு 120 நாள். குறை எழுதிய நாள் கணக்கில் சேராது. ஏ பிரிவுக்கு அந்தந்தக் குறைக்கே கெடு எழுதியிருக்கும். இன்றிரவோடு கெடு முடிகிற குறை இருந்தால் அதுதான் முதல் வேலை.
3. ஸ்டோரைக் கூப்பிட்டு, இன்றைக்குத் தேவையான பாகம் உண்மையிலேயே அலமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். கணினித் திரையில் ‘1’ என்று இருப்பதை நம்பி எஞ்சின் கவுலிங்கை (எஞ்சினின் வெளி மூடியை) திறந்தவர்கள் நிறையப் பேர்.
4. வருகிறவர் எத்தனை பேர், யார் தொடர்ந்து எத்தனையாவது இரவு வேலை செய்கிறார் என்று பாருங்கள்.
5. வானிலை. செப்பாங்கில் மாலை இடி மின்னல் சகஜம். வெளியே செய்ய வேண்டியதையும் ஹேங்கருக்குள் செய்ய வேண்டியதையும் பிரித்து வையுங்கள்.

பெரட்டு

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு எப்படி நடக்கும் என்று நம் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். பெயர் கூப்பிட்டு, யார் எந்த நிரைக்கு என்று மண்டோர் சொல்லி முடிக்காமல் ஒருவரும் நகர மாட்டார்கள். ஷிஃப்ட் தொடக்கக் கூட்டமும் அதே சங்கதிதான், ஒரு வித்தியாசத்தோடு: இங்கே கேள்வி கேட்க வேண்டும், திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். 10 நிமிடம் போதும். நின்றுகொண்டே நடத்துங்கள், உட்கார்ந்தால் அரை மணி ஆகும்.

சொல்ல வேண்டியவை: எந்த விமானம், பதிவெண், எந்த இடத்தில் நிற்கிறது, யாருக்கு எந்த டாஸ்க் கார்டு (வேலைப் படிகள் எழுதிய அட்டை), எதற்கு இரண்டாவது ஆள் சரிபார்ப்பு, இன்றைய ஆபத்து (ஹைட்ராலிக் அழுத்தம், எரிபொருள் தொட்டி, உயரம்), எத்தனை மணிக்கு எல்லோரும் மறுபடி கூடுவது. பதிவெண்ணை முழுதாகச் சொல்லுங்கள். “அந்த 320” என்று சொல்லாதீர்கள். 2013 மே 24 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய ஏ319 ஒன்றின் இரண்டு எஞ்சின்களின் ஃபேன் கவுல் கதவுகளும் பறந்து போயின. ஒரு எஞ்சின் தீப்பிடித்தது. முந்தைய இரவு கதவுகளைத் தாழிடாமல் விட்டுவிட்டு, எண்ணெய் ஊற்றும் வேலையை முடிக்கத் திரும்பி வந்த டெக்னீஷியன்கள், வேறொரு விமானத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே கதவு மூடியிருந்தது. யாரோ மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மை விமானம் தாழில்லாமல் அப்படியே கிளம்பியது.

இதனால் ஒரு பழக்கம்: ஒவ்வொரு முறை விமானத்துக்குத் திரும்பும்போதும் பதிவெண்ணை வாய்விட்டுப் படித்து, கார்டில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். முதல் வாரம் கிண்டல் செய்வார்கள்.

வேலையைப் பங்கிடுவது

எட்டுப் பேர், மூன்று விமானங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பிரதான சக்கர மாற்றம், ஒன்றில் வாராந்திரச் சோதனை, ஒன்றில் இரண்டு எஞ்சின்களுக்கும் எண்ணெய் வடிகட்டி மாற்றம். எல்லோரும் நினைப்பது: வடிகட்டி மாற்றத்தில் கைதேர்ந்தவர் இரண்டு எஞ்சினையும் செய்யட்டும், வேகமாக முடியும். அதைத்தான் செய்யக் கூடாது.

1983 மே 5 அன்று மயாமியிலிருந்து நஸ்ஸாவுக்குப் பறந்த எல்-1011 விமானத்தின் மூன்று எஞ்சின்களும் எண்ணெய் இழந்தன. இரவில் மாற்றிய காந்தச் சில்லு உணரிகளில் (எண்ணெயில் கலந்த உலோகத் துகளைப் பிடிப்பவை) ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் வளையம், இல்லை, மூன்றிலும் இல்லை. வழக்கமாக ஃபோர்மன் அறையில் ஓ-ரிங் மாட்டிய நிலையில் உணரி கிடைக்கும். அன்று அங்கே இல்லாமல் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள், ஓ-ரிங் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நிறுத்திய எஞ்சின் ஒன்றை மறுபடி ஓடவைத்துத் தப்பித்தார்கள். ஒரே ஆள் ஒரே தவறை எல்லா எஞ்சினிலும் செய்துவிடலாம் என்பதால்தான், ஒரே மாதிரியான வேலையை ஒரே ஷிஃப்ட்டில் இரண்டு எஞ்சின்களில் ஒரே ஆள் செய்யாதபடி பிரிக்கச் சொல்கிறார்கள். ஆள் இல்லையென்றால் இரண்டாவது எஞ்சினை அடுத்த ஷிஃப்ட்டுக்குத் தள்ளுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் வேறொருவர் சரிபார்த்து, கசிவுச் சோதனை ஓட்டமும் செய்யட்டும்.

இந்தச் சம்பவத்தில் லீட்டுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அந்த மெக்கானிக்குகள் கெட்டுப்போனது ஃபோர்மனின் உதவியால். நீங்கள் குழுவுக்குச் செய்து கொடுக்கும் சின்னச் சின்ன வசதிகளை (முன்கூட்டியே எடுத்து வைத்த பாகம், மாட்டி வைத்த சீல்) கார்டில் எழுதாமல் செய்தால், நீங்கள் லீவு போடும் அன்று அது பள்ளமாகிவிடும்.

சக்கர மாற்றத்துக்கு ஒரு அனுபவசாலி, ஒரு புதியவர். புதியவரைப் பார்க்க மட்டும் விடாமல் கையேட்டை உரக்கப் படிக்க வையுங்கள், அனுபவசாலி செய்யட்டும். அச்சு நட்டை இறுக்குவதில் எல்லோருக்கும் தெரியும் என்ற எண்ணம்தான் சிக்கல். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முதலில் அதிக டோர்க் (முறுக்கு விசை) கொடுத்து பேரிங்கை உட்கார வைக்க வேண்டும், பிறகு தளர்த்தி, மறுபடி சுழற்றிக்கொண்டே குறைந்த டோர்க்குக்கு இறுக்க வேண்டும். சுழற்றாமல் இறுக்கினால் பேரிங் சரியாக உட்காராது, டோர்க் ரெஞ்ச் மட்டும் ‘கிளிக்’ சொல்லும். டயரில் நைட்ரஜன் நிரப்பும்போது ரெகுலேட்டர் இல்லாமல் பாட்டிலை நேராக இணைக்கக் கூடாது. ஏ320 வகைப் பிரதான டயரின் அழுத்தம் 200 பிஎஸ்ஐக்கு அருகில்தான், பாட்டிலில் அதைவிடப் பல மடங்கு. நிற்கும் இடம் டயருக்கு முன்னாலோ பின்னாலோ. பக்கவாட்டில் நிற்பவரைக் கூப்பிட்டு நகர்த்துங்கள்.

பாகம், டோர்க், சீலண்ட்

பழைய பாகத்தோடு ஒப்பிட்டுப் புதியதை எடுப்பதை முற்றாகத் தடை செய்யுங்கள். பழையதே தவறானதாக இருக்கலாம். மேலே சொன்ன கண்ணாடி விபத்தில் கழற்றிய போல்ட்டுகளும் சரியான அளவில் இல்லை. அவை தாங்கியதே அதிர்ஷ்டம். பாகப் பட்டியலைத் திறந்து, அந்த விமானத்தின் வரிசை எண்ணுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, எண்ணைக் கார்டில் எழுதிய பிறகுதான் ஸ்டோருக்குப் போக வேண்டும். கையேட்டுப் பக்கத்தை அச்செடுத்துக் கருவிப் பெட்டியில் மாதக்கணக்கில் வைத்திருப்பவர்களிடமிருந்து அதை வாங்கிக் கிழித்துவிடுங்கள். திருத்தம் வந்திருக்கும்.

டோர்க் ரெஞ்சில் நீட்டிப்பு மாட்டினால் கணக்கு மாறும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நேர்கோட்டில் மாட்டிய நீட்டிப்புக்கு: தேவையான டோர்க்கை ரெஞ்சின் நீளத்தால் பெருக்கி, ரெஞ்சும் நீட்டிப்பும் சேர்ந்த நீளத்தால் வகுக்க வேண்டும். போல்ட்டில் 50 நியூட்டன் மீட்டர் வேண்டும், ரெஞ்ச் 40 செ.மீ., நீட்டிப்பு 5 செ.மீ. என்றால் 50 × 40 ÷ 45, அதாவது 44.4க்கு வைக்க வேண்டும். 50க்கே வைத்தால் போல்ட்டில் 56க்கு மேல் ஏறிவிடும். 90 பாகையில் மாட்டினால் மாற்றம் தேவையில்லை. சுயப்பூட்டு நட்டாக இருந்தால், அது சும்மா சுழலவே எடுக்கும் டோர்க்கையும் கையேடு சொல்கிறபடி கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைக் கார்டில் எழுத வையுங்கள்; மனக்கணக்கு வேண்டாம்.

லாக்வயர் (போல்ட் தளராமல் முறுக்கிக் கட்டும் கம்பி) பார்க்கும்போது: 0.032 அங்குலக் கம்பிக்கு ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. இழுக்கும் திசை இறுக்கும் பக்கமா என்று பாருங்கள். வால் முனை வளைந்து உள்ளே போயிருக்க வேண்டும். அடுத்த ஷிஃப்ட்டுக்காரரின் கையைக் கிழிக்கக் கூடாது.

சீலண்ட் (கசிவை அடைக்கும் பசை) விஷயத்தில் நம் ஊர்ச் சூடு பெரிய ஆள். ‘பி-2’ என்று போட்டிருந்தால் கலந்த பிறகு 2 மணி நேரம் பூசலாம் என்று அர்த்தம், ஆனால் அது 25 பாகை செல்சியஸில் அளந்தது. பொதுவாக, ஏறத்தாழ ஐந்தரைப் பாகை கூடுகிற ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகும். ஈரப்பதம் அதிகமானால் இன்னும் சுருங்கும். 33 பாகை ஹேங்கரில் முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே கட்டியாகிவிடும். எனவே பெரிய கிண்ணமாகக் கலக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள். கலந்த நேரத்தைக் கிண்ணத்திலேயே எழுதுங்கள். இழுக்க ஆரம்பித்த சீலண்டைக் கரைப்பான் ஊற்றிச் சரிசெய்ய முயல்பவரைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் அதே கலவையில் ஒரு துளியைத் தாளில் வைத்துத் தேதியோடு ஒட்டி வைத்தால், பின்னால் இறுகிவிட்டதா என்று அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஹைட்ராலிக் எண்ணெய் (ஊதா நிறம், ஸ்கைட்ரோல்) தொடும் வேலைக்குக் கண்ணாடியும் கையுறையும் போடாதவரை வேலைக்கு அனுப்பாதீர்கள். கண்ணில் பட்டால் எரிச்சலில் ஆள் துடித்துவிடுவார். அருகில் கண் கழுவும் நீர் எங்கே என்று பெரட்டிலேயே கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

கருவிக் கணக்கு

வேலைக்கு முன் எண்ணு, முடிந்தபின் எண்ணு. இதை எல்லோரும் சொல்வார்கள். துணியை யாரும் எண்ணுவதில்லை. எஞ்சினுக்குள் கிடைப்பவற்றில் துணித்துண்டும் ஒன்று. எத்தனை துண்டு உள்ளே போனதோ அத்தனை வெளியே வர வேண்டும். பாக்கெட்டில் கைப்பேசி, பேனா, சாவி வேண்டாம்.

ஒரு கருவி காணவில்லையென்றால்: வேலையை நிறுத்துங்கள், எந்தப் பேனலையும் மூடாதீர்கள், கடைசியாக எங்கே பயன்பட்டது என்று அந்த ஆளிடமே கேளுங்கள், தேடுங்கள், பராமரிப்புக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லுங்கள். கிடைக்கும் வரை, அல்லது விமானத்தில் இல்லை என்று உறுதியாகும் வரை விடுவிப்பு இல்லை. எரிச்சலாக இருந்தாலும் தொலைத்ததைச் சொன்னவரை எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை அவர் தன் காசில் ஒரு சாக்கெட் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார். காணாமல் போனது விமானத்திலேயே கிடக்கும்.

குறுக்கீடு

விமானப் பராமரிப்பில் மறதிக்குப் பெரிய காரணம் வேலையின் நடுவே யாராவது கூப்பிடுவதுதான். அந்த யாராவது பெரும்பாலும் லீட்தான். ஏணியில் இருப்பவரை “இங்க வா, ஒரு நிமிஷம்” என்று கூப்பிடாதீர்கள். அவசரமே என்றால், அவர் செய்துகொண்டிருக்கும் படியை முடித்துக் கார்டில் குறித்த பிறகு இறங்கட்டும். திரும்பி வந்ததும் விட்ட இடத்துக்கு மூன்று படி முன்னால் இருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

மின்னல் எச்சரிக்கை வந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். ராம்ப் (விமானங்கள் நிற்கும் திறந்தவெளித் தளம்) மூடப்படும், ஹெட்செட் கம்பி விமானத்தில் இருக்கக் கூடாது, எரிபொருள் நிரப்புவது நிற்கும். ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்து, கழற்றியவற்றைப் பாதுகாத்து, கவுலிங் திறந்திருந்தால் தாங்கி நிறுத்தும் கம்பி சரியா என்று பார்த்து, நட்டை எங்கே விட்டோம் என்று கார்டில் ஒரு வரி எழுத முடிந்தால் எழுதுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் எழுத்து வேண்டாம், ஓடுங்கள். ஆனால் மழை விட்டதும் யாரும் நேராக வேலையைத் தொடக் கூடாது. முதலில் எல்லோரும் கூடி, ஒவ்வொருவரும் எங்கே நிறுத்தினோம் என்று சொல்ல வேண்டும்.

மூடிகளும் அப்படித்தான், எளிதில் மறந்துபோகும். பிட்டோ குழாய் (வேகம் அளக்க உதவுவது) மூடி, நிலையழுத்தத் துளையின் (உயரமும் வேகமும் அளக்க உதவுவது) டேப், சக்கரக் கியரைப் பூட்டும் பின்கள். 1996 அக்டோபர் 2 அன்று பெருவில் ஒரு போயிங் 757இன் நிலையழுத்தத் துளைகளில், கழுவும்போது ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டதால் 70 பேர் இறந்தார்கள். 2018 ஜூலை 18 அன்று பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய ஏ330 ஒன்று, பிட்டோ மூடிகள் அகற்றப்படாமலே பறந்து, வேகம் தெரியாமல் பிரிஸ்பேனுக்கே திரும்பி இறங்கியது. மூடி போட்டால் உடனே டெக் லாக்கில் எழுத வேண்டும், அப்போதுதான் அதை எடுத்ததற்கும் கையெழுத்து கேட்கும். சிவப்பு நாடா தெரியும் என்று நம்பாதீர்கள். மழையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். டேப் போட வேண்டியிருந்தால் விமானத்தின் நிறத்தில் போடாதீர்கள்.

ஹேண்ட் ஓவர்

1991 செப்டம்பர் 11 அன்று டெக்சஸ் மாநிலத்தில் ஈகிள் லேக் அருகே ஒரு எம்ப்ரேயர் 120 விழுந்து 14 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு ஹேங்கரில், கிடைமட்ட வால் சிறகின் இடப்பக்க முன்விளிம்பில் மேல்பக்கத்து 47 திருகுகளைக் கழற்றியிருந்தார்கள். ஷிஃப்ட் மாறியது. கழற்றியது வேலை அட்டையில் எழுதப்படவில்லை. அடுத்த ஷிஃப்ட் வலப்பக்க வேலையை முடித்துவிட்டு விமானத்தை விட்டது. மேல்பக்கம் என்பதால் தரையிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

உங்கள் ஹேண்ட் ஓவர் தாளில் “செய்தது” என்பதைவிட “திறந்து கிடப்பது” என்ற பகுதி முதலில் வரட்டும். ஒவ்வொரு வரிக்கும் நாலு விவரம்: பதிவெண், இடம் (இடம் வலம், மேல் கீழ்), என்ன கழற்றப்பட்டது, கழற்றியவை எங்கே இருக்கின்றன. “சக்கர வேலை நடக்குது” என்று எழுதினால் அது ஹேண்ட் ஓவர் அல்ல. “இடப்பக்கப் பிரதான கியர், 2ஆம் எண் சக்கரம், அச்சு நட்டு இரண்டாம் டோர்க் கொடுக்கவில்லை, பூட்டுப் போல்ட் பச்சைத் தட்டில், ஜாக் இன்னும் கியரின் அடியில் நிற்கிறது” என்று எழுதுங்கள். கழற்றிய இடத்திலும் ஒரு அட்டையைக் கட்டுங்கள். இரண்டு லீட்டும் சேர்ந்து விமானத்தைச் சுற்றி வந்த பிறகுதான் வாங்குபவர் கையெழுத்துப் போடட்டும். இதற்கு 20 நிமிடம் ஆகும். பஸ் போய்விடும் என்று முறையிடுவார்கள். ஷிஃப்ட் நேரங்கள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

மூத்தவர், மொழி, பெருநாள்

பந்திங் மாதிரி ஊரில் சிக்கல் என்னவென்றால், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் உங்கள் அப்பாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவராக இருக்கலாம். ஊரில் மாமா என்று கூப்பிடுவீர்கள். ஹேங்கரில் அவர் வேலையைச் சரிபார்க்க வேண்டும். அதிகாரம் காட்டினால் மரியாதை கெடும், சும்மா விட்டால் வேலை கெடும். உறவு முறையை விடாமலே தாளைக் கேளுங்கள்: “மாமா, அந்த போல்ட் நம்பரைக் கொஞ்சம் காட்டுங்க, கார்டுல ஏத்திடறேன்.” இதை எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் குறையாகப் படாது. அவரிடம் மட்டும் கேட்டாலும் தப்பு, அவரை மட்டும் விட்டாலும் தப்பு.

குழுவில் மலாய்க்காரர், சீனர், சபா சரவாக்கிலிருந்து வந்தவர் எல்லோரும் இருப்பார்கள். பெரட்டும் ஹேண்ட் ஓவரும் எல்லோருக்கும் புரியும் மொழியில், அதாவது மலாயிலோ ஆங்கிலத்திலோ. இரண்டு தமிழர்கள் விமானத்தடியில் தமிழில் வேலை பேசிக்கொண்டால், மூன்றாமவருக்குத் தெரிய வேண்டிய ஒரு தகவல் அங்கேயே நின்றுவிடும். டீ குடிக்கும்போது தமிழ் பேசிக்கொள்ளலாம்.

நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் விழும். ஹேண்ட் ஓவரை அதற்கு முன்னால் முடியுங்கள், அல்லது சாப்பிட்டு வந்தபின் தொடங்குங்கள். நடுவில் அவசரமாக வேண்டாம். தைப்பூச விரதக்காரர்களுக்கும் இதே கவனிப்பு வேண்டும், குறிப்பாக உயரத்தில் ஏறும் வேலையில். தீபாவளி, ஹரி ராயா, சீனப் புத்தாண்டு விடுப்பை இரண்டு மாதத்துக்கு முன்பே தாளில் போட்டு ஒட்டுங்கள். தீபாவளிக்கு லீவு எடுத்தவர் ராயாவுக்கு நிற்கட்டும். தமிழர் என்பதால் தமிழருக்கு முதலில் கொடுத்தீர்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால், பிறகு நீங்கள் சொல்லும் பாதுகாப்பு விஷயத்தையும் அதே காதால்தான் கேட்பார்கள்.

தூக்கமும் வீட்டுக்குப் போகும் வழியும்

அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு அடங்கும் நேரம். எவ்வளவு பழகினாலும் அடங்கும். கட்டுப்பாட்டு அமைப்பு வேலை, எஞ்சின் வேலை, இரட்டைச் சரிபார்ப்பு தேவைப்படும் எதையும் 2 மணிக்கு முன்பே முடிக்கத் திட்டமிடுங்கள். அதற்குப் பின் கேபின் விளக்கு, இருக்கை, தாள் வேலை. முடியாவிட்டால் அந்த வேலைக்குக் கூடுதலாக ஒரு கண் வையுங்கள்.

2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம். மிகைநேரத்துக்கு மாதம் 104 மணி நேரம் என்ற வரம்பும் இருக்கிறது. மிகைநேரம் செய்ய ஆசைப்படுவோர் எப்போதும் உண்டு. வீட்டுக் கடன், கார் கடன். அவர்கள் கேட்டாலும் கணக்கை நீங்கள் வைத்திருங்கள். தொடர் இரவுகளில் கடைசி இரவுக்காரருக்கு இரண்டாவது ஆள் சரிபார்ப்பு வேலையைக் கொடுக்காதீர்கள்.

செப்பாங்கிலிருந்து ஓலாக் லெம்பிட் வழியாகக் காலை 7.30க்கு மோட்டார் சைக்கிளில் பந்திங் திரும்புகிறவர்களைப் பற்றியும் யோசியுங்கள். அந்த நேரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் சாலையில் இருக்கும், கண்ணில் வெயில் அடிக்கும். தூக்கம் சொக்கினால் கிளம்புவதற்கு முன் ஓய்வறையில் 20 நிமிடம் படுக்க அனுமதி வாங்கி வையுங்கள், அலாரத்தோடு. ஒரே பக்கம் போகிறவர்களை ஒரு காரில் சேர்த்து, அன்று கடைசி இரவு அல்லாதவரை ஓட்டச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களையும் ரோஸ்டர் தாளின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.